கண் நார்மல் என்று சொன்ன பிறகு

விழுப்புரம் மாவட்டத்து வானூரில் ஒருவருக்குக் கண்ணில் கோளாறு என்றால் வைத்தியத்துக்கு இடம் தேடித் திண்டாட வேண்டியதில்லை. திண்டிவனம் சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. புதுச்சேரியைத் தாண்டிக் கடலூர் சாலையில் போனால் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இயங்கிவருகிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை, விழுப்புரத்தை ஒட்டி முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. தமிழ்நாட்டின் பல தாலுகாக்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. கண்ணில் புரை விழுந்தவர், கிட்டப்பார்வைக்காரர், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர் எல்லாரும் இவற்றில் ஏதோ ஓரிடத்தில் தங்கள் நோய்க்குப் பெயரும் மருந்தும் பெற்றுத் திரும்புகிறார்கள்.

பெயர் கிடைக்காமல் திரும்புகிறவர்களும் உண்டு. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள். கண் அழுத்தம் சரியாக இருக்கும். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியக் காத்திருந்து, விழித்திரையையும் பார்த்தாயிற்று; அதிலும் குறை இல்லை. “எல்லாம் நார்மல்தான், ஒண்ணும் பயப்படாதீங்க” என்று மருத்துவர் சொல்கிறார். வெளியே வந்து வெயிலில் நிற்கும்போது அதே புள்ளிகள் ஓடுகின்றன. அதே மின்னல் வளைவு அடுத்த வாரமும் வருகிறது. விளக்கை அணைத்த பிறகும் அதன் உருவம் சுவரில் நிற்கிறது. வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? “டாக்டரே ஒண்ணும் இல்லைன்னுட்டாரே” என்ற ஒரு வாக்கியத்துக்கு முன்னால் அவர்களுடைய அனுபவம் வாயடைத்துப்போகிறது. பித்தம் என்கிறார்கள், திருஷ்டி என்கிறார்கள், செல்போனைப் பார்த்துப் பார்த்து வந்தது என்கிறார்கள். சில மாதங்களில் அவர்கள் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள்.

‘நார்மல்’ என்ற முடிவு, செய்த சோதனைகளைப் பற்றிய செய்தி. செய்யாத சோதனைகளைப் பற்றியும் கேட்காத கேள்விகளைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை நோயாளிக்கு யாராவது எடுத்துச் சொன்னாலே பாதி துயரம் குறையும் என்பது என் எண்ணம்.

நம் கண் மருத்துவ அமைப்பு எதைத் தேடுவதற்காகக் கட்டப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-ல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்தைத் தொடங்கினார். அன்று நாட்டில் பார்வையிழந்தவர்களில் பெரும்பாலோர் புரையால் பார்வை போனவர்கள். ஓர் அறுவை சிகிச்சையில் பார்வை திரும்பக்கூடியவர்கள். ஊர் ஊராக முகாம் போட்டு, எழுத்துப் பலகையைக் காட்டி, டார்ச் அடித்துப் பார்த்து, புரை உள்ளவரை வண்டியில் ஏற்றி அழைத்துவந்து பார்வையைத் திருப்பிக் கொடுத்தார்கள். உலகமே வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட சாதனை அது. 2009-ல் தமிழக அரசு தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தது. இந்த முயற்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு: எவ்வளவு தூரத்தில் எவ்வளவு சிறிய எழுத்தைப் படிக்க முடிகிறது? ஹாலந்தின் உட்ரெக்ட் நகர மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-ல் கொடுத்த அளவுகோல் இது. கறுப்பு எழுத்து, வெள்ளைப் பலகை, நல்ல வெளிச்சம், அசையாத பொருள். இந்த நிலையில் ஒருவர் 6/6 படித்தால் அவருடைய கருவிழியும் லென்சும் விழித்திரையின் மையமும் நன்றாக வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். அதற்குப் பின்னால் இருக்கும் நீண்ட பாதை முழுதும் சரியாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அந்தப் பாதை தலையின் பின்பக்கம் வரை போகிறது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேலான நரம்பிழைகள் புறப்படுகின்றன. வழியில் அவற்றில் ஏறக்குறைய பாதி எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. அதனால் இரு கண்களிலும் விழும் இடப்பக்கக் காட்சி வலது மூளைக்கும், வலப்பக்கக் காட்சி இடது மூளைக்கும் போய்ச்சேர்கிறது. பிடரிக்கு மேலே இருக்கும் மூளைப்பகுதியில்தான் அது காட்சியாகிறது. இந்த அமைப்பு தெரிந்தால், செலவே இல்லாத ஒரு சோதனையை யாரும் வீட்டிலேயே செய்துபார்க்கலாம். தொந்தரவு வரும்போது ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்ப்பது, பிறகு மற்றதை மூடிப் பார்ப்பது. ஒரு கண்ணை மூடியதும் காட்சி மறைந்தால் கோளாறு அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோ இருக்கிறது. எந்தக் கண்ணை மூடினாலும் அதே பக்கத்தில் அதே காட்சி தெரிந்தால் மூளையைப் பற்றி யோசிக்க வேண்டும். பக்கவாதத்தால் இடப்பக்கக் காட்சியை முழுதும் இழந்த ஒருவர், “இடது கண்ணு தெரியலை” என்று சொல்லிக் கண் மருத்துவரிடம் போவது வழக்கமான நிகழ்ச்சி. அவருக்குக் கண்ணில் ஒன்றும் இருக்காது. பார்வைப் பரப்புச் சோதனை செய்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்த கேள்வி: எவ்வளவு நேரம்? நிமிடங்கள் என்றால் ஒற்றைத் தலைவலி முதலில் நினைவுக்கு வர வேண்டும். பார்வையின் நடுப்பக்கத்தில் ஒரு சிறு பொட்டு மங்குகிறது. படித்துக்கொண்டிருந்த வரியில் சில எழுத்துகள் காணாமல்போகின்றன. பிறகு அந்தப் பொட்டின் விளிம்பு கோணல்மாணலாக மின்னத் தொடங்குகிறது. அந்த வளைவு மெல்ல விரிந்து ஓரத்துக்கு நகர்ந்து இருபது முப்பது நிமிடங்களில் மறைகிறது. பின்னாலேயே தலைவலி வரலாம், வராமலும் போகலாம். மருத்துவர்கள் இதை ஆரா என்கிறார்கள். ஹ்யூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1870-ல் தமக்கு வந்த இந்தக் காட்சியை, அது வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணத்தில் வரைந்து வெளியிட்டார். இன்று அதே அனுபவம் உள்ளவர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததும், இதுதான், இதேதான் என்பார்கள். 1941-ல் உளவியலாளர் கார்ல் லாஷ்லி தம் பார்வையில் அந்த வளைவு நகரும் வேகத்தைக் குறித்துவைத்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று கணக்கிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, பிரேசில் நாட்டு ஆய்வாளர் லெயாவ் முயலின் மூளையில் அதே போன்ற வேகத்தில் பரவும் ஒரு மின்னடக்க அலையைக் கண்டுபிடித்தார். ஒருவர் தம் சொந்தப் பார்வைக் கோளாறைக் கவனித்துக் குறித்துவைத்தது எத்தனை தூரம் கொண்டுபோயிருக்கிறது! “எனக்கு இப்படித் தெரியுது” என்று நோயாளி சொல்லும் சொல்லை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

இது அரிய நோயும் இல்லை. கர்நாடகத்தில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 65 வயது வரையிலானவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒரே ஆண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. ஆரா அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும்தான் வரும் என்றாலும் மொத்த எண்ணிக்கை பெரிது. வெயில், பட்டினி, தூக்கக் குறைவு எல்லாம் இதைத் தூண்டுகின்றன. காலையில் கஞ்சி குடிக்காமல் முந்திரிக் கொல்லைக்கோ கல்லுடைக்கவோ கிளம்புகிறவருக்கு மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. வானூர் வட்டத்தில் திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகளில் உச்சிவெயிலில் வெள்ளைக் கல்பொடியின் கூச்சத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

பெண்களுக்கு இங்கே ஒரு செய்தி கட்டாயம் சொல்ல வேண்டும். ஆராவுடன் கூடிய ஒற்றைத் தலைவலி உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை எடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பக்கவாத ஆபத்து கூடுகிறது என்பதே காரணம். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. மாத்திரை கொடுக்கும் கிராம சுகாதார செவிலியர், “கண்ணுல வளைஞ்சு வளைஞ்சு மின்னுதாம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். கண் மருத்துவமனையில் ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பப்பட்ட பெண் இந்தத் தகவலை யாரிடமிருந்தும் பெறாமல் போய்விடக்கூடும்.

நொடிகளில் வந்து போனால் கதை வேறு. பார்வையின் ஒரே பக்கத்தில் வண்ண வண்ணமாகச் சிறு வட்டங்கள் திடீரெனப் பெருகி, ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் அடங்கி, நாள்தோறும்கூடத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் அது மூளையின் பின்பகுதியில் எழும் வலிப்பாக இருக்கலாம். கை கால் வெட்டினால்தான் வலிப்பு என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் வட்டங்களும் வலிப்பாகும். நம் நாட்டில் இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாகத் தங்குவது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் வேதாந்தம் ராஜசேகரும் அவருடைய சகாக்களும் ஸ்கேனில் தெரியும் இத்தகைய ஒற்றைக் கட்டியை அறுவை இல்லாமலே அடையாளம் காணும் விதிகளை வகுத்துத் தந்திருக்கிறார்கள். மாத்திரையில் குணமாகும் நோய் இது. கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்க முடியாது.

இனிச் சொல்லப்போவது அவசரம். கண் பார்ப்பதற்கு நன்றாக இருந்துகொண்டே பார்வை நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும் நிலைகள் உண்டு. கண்விழிக்குப் பின்னால் நரம்பு வீங்கும்போது முதல் நாட்களில் விழித்திரையில் எந்த மாற்றமும் தெரியாது. நோயாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை, மருத்துவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று மருத்துவக் கல்லூரிகளில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். கண்ணை அசைத்தால் வலி, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிவது, ஒரு கண்ணில் சில நாட்களுக்குள் மங்கல் கூடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் மறுநாளே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காசநோய் மாத்திரையும் இந்தக் கணக்கில் வரும். அதில் உள்ள எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து அதிகம். இந்தியாவில் 2017-ல் தினசரி மருந்து முறை நடைமுறைக்கு வந்ததிலிருந்து, முதல் இரண்டு மாதங்களுக்குப் பிறகும் எத்தாம்பியூட்டால் தொடர்கிறது. தொடக்கத்தில் விழித்திரை சுத்தமாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் கலங்குவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் கொடுத்த மருத்துவரிடம் அன்றே போய்ச் சொல்ல வேண்டும். உரிய நேரத்தில் மருந்தை மாற்றினால் பலருக்குப் பார்வை மீள்கிறது.

வானூருக்குப் பக்கத்திலேயே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் நடந்ததை இந்தக் கட்டுரையில் விட்டுவிட முடியாது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்த மீனவக் குடும்பத்தினர் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பின் உயிரணுக்கள் சக்தி உண்டாக்குவதைத் தடுக்கிறது. குடித்த சில மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் பார்வை மங்கும்; கண் முன்னால் வெள்ளைத் திரை விழுந்ததுபோல், புள்ளிகள் கொட்டுவதுபோல் தெரியும். அந்த நேரத்தில் கண்ணுக்குள் பெரிய மாற்றம் எதுவும் தெரியாமல் இருக்கலாம். அப்படி ஒருவர் ‘கண் மங்குது’ என்று வந்தால், கண்ணைச் சோதித்து அனுப்புவதற்கு முன் என்ன குடித்தார் என்று கேட்பதே உயிரைக் காக்கும் கேள்வி. வெட்கத்தாலும் போலீஸ் பயத்தாலும் மறைக்கிறவர்களிடம் அதை மரியாதையாகக் கேட்கத் தெரிய வேண்டும்.

இரவில் மட்டும் தடுமாறுகிறவர்களையும் குறிப்பிட வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் பரம்பரையாக வரும் விழித்திரை நோய்கள் அதிகம் தென்படுகின்றன. அவற்றில் சில, ஆரம்பத்தில் விழித்திரையின் தோற்றத்தை மாற்றுவதில்லை. இ.ஆர்.ஜி. என்ற மின்சோதனைதான் காட்டிக்கொடுக்கும். நடுத்தர வயதில் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும் வரி பிடித்துப் படிக்க முடியாமல், எதிரே உள்ள பொருளைக் கை தேடித் தடுமாறினால் மூளையின் பின்பகுதி தேயும் ஒரு நோயாகவும் இருக்கலாம். எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டுக்கு 2007-ல் கண்டறியப்பட்டது அதுதான்.

இவை அத்தனையையும் பார்த்து முடித்த பிறகும் ஒரு பகுதியினர் மீதம் இருப்பார்கள். பார்வைப் பரப்புச் சோதனை சரி, எம்.ஆர்.ஐ. சரி, நரம்பு சரி. ஆனால் சிக்னல் போன டி.வி.யில் புள்ளிகள் ஓடுவதுபோல் பார்வை முழுவதும், கண் மூடினாலும் திறந்தாலும், இரவும் பகலும் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இதை ‘விஷுவல் ஸ்னோ’ என்கிறார்கள். 1995-ல் கிராண்ட் லியு என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் பத்து நோயாளிகளின் அனுபவத்தை வைத்து இதைப் பற்றி எழுதினார்கள். அப்போது அது ஒற்றைத் தலைவலியின் நீட்சி என்று கருதப்பட்டது. 2014-ல் கிறிஸ்டோஃப் ஷாங்கின், பீட்டர் கோட்ஸ்பி குழுவினர் இது தனி நோய் என்று காட்டினார்கள். புள்ளிகள் மூன்று மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அத்துடன், பார்த்த பொருளின் சாயல் நீடிப்பது, வானத்தைப் பார்த்தால் மிதவைகளும் நெளியும் ஒளிப்பொட்டுகளும் மிகையாகத் தெரிவது, வெளிச்சம் கூசுவது, இரவில் பார்வை குறைவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வேறு எந்த நோயும் காரணமாக இருக்கக் கூடாது. பலருக்குக் காதில் ஓயாத இரைச்சலும் சேர்ந்தே இருக்கிறது.

பிரிட்டனில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டு 2020-ல் வெளியான ஆய்வு, நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு இது இருக்கிறது என்றது. அதே ஆண்டு ஃபிரான்செஸ்கா புலெட்டா குழுவினர் 1,100 பேரிடம் விசாரித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் நினைவு தெரிந்த நாளிலிருந்தே இப்படித்தான் தெரிகிறது என்றார்கள். அவர்களில் பலர் எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று நினைத்தே வளர்ந்திருப்பார்கள்.

மூளையில் என்ன நடக்கிறது? ஸ்கேனில் பார்த்தபோது, காட்சியைக் கையாளும் பகுதியை ஒட்டிய லிங்குவல் ஜைரஸ் என்ற இடம் மற்றவர்களைவிடக் கூடுதலாக உழைப்பது தெரிந்தது. கண்ணிலும் நரம்பிலும் எப்போதும் சிறு சலசலப்பு உண்டு. நீல வானத்தைப் பார்க்கும்போது கண் ரத்த நாளங்களில் ஓடும் வெள்ளணுக்களைக்கூட எல்லாராலும் பார்க்க முடியும். மற்ற நேரங்களில் மூளை இந்தச் சலசலப்பை வடிகட்டிவிடுகிறது. விஷுவல் ஸ்னோ உள்ளவர்களிடம் அந்த வடிகட்டல் தளர்ந்திருக்கிறது என்பதே இன்று வலுவாக இருக்கும் கருத்து. மூளை எவ்வளவு எளிதாகப் புள்ளிகளைத் தானே உண்டாக்கும் என்பதைக் காட்டிய ஆய்வு ஒன்றில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்குண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனும் ரிச்சர்ட் கிரிகரியும் 1991-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சோதனை அது. மின்னும் புள்ளிகள் நிறைந்த திரையில் ஓரமாக ஒரு சாம்பல் நிறச் சதுரம். நடுவில் ஒரு புள்ளியைக் கண்கொட்டாமல் பார்த்தால் சில நொடிகளில் சதுரம் மறைந்து அங்கேயும் புள்ளிகள் நிறைகின்றன. பிறகு திரை முழுவதையும் வெறும் சாம்பலாக மாற்றினால், சதுரம் இருந்த இடத்தில் மட்டும் புள்ளிகள் சிறிது நேரம் மின்னிக்கொண்டிருக்கும். திரையில் இல்லாத புள்ளிகள். பார்க்கிறவர் நல்ல கண் உள்ளவர், பொய் சொல்லாதவர்.

அதனால்தான் ‘மனப்பிரமை’ என்ற சொல்லை அவசரப்பட்டு எடுப்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. மனச்சுமையால் பார்வை மங்குவதும் உண்மையில் உண்டு. பரீட்சைப் பயத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் அது வரும், பேசித் தீர்க்கவும் முடியும். ஆனால் அதற்கும் நேரடி அடையாளங்கள் உண்டு. அவற்றைச் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக நோயாளியின் மனதின் மேல் பழியைப் போடுவது மருத்துவம் ஆகாது.

விஷுவல் ஸ்னோவை அடியோடு போக்கும் மருந்து இன்று இல்லை. லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரை சிறு பகுதியினருக்கு ஓரளவு பலன் தந்திருக்கிறது. இளஞ்சிவப்புச் சாயக் கண்ணாடி சிலருக்கு வெளிச்சக் கூச்சத்தைக் குறைக்கிறது. லண்டனில், கவனத்தைப் பழக்கும் தியானப் பயிற்சியால் தொந்தரவின் பாரம் குறைவதாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலோருக்கு நோய் வளர்வதில்லை, பார்வையைப் பறிப்பதில்லை. இந்த ஒரு செய்தியைத் தெளிவாகக் கேட்டவருக்கு இரவில் தூக்கம் வருகிறது. கேட்காதவர் ஒவ்வொரு நாள் காலையும் வெள்ளைச் சுவரைப் பார்த்து, நேற்றைவிடக் கூடிவிட்டதா என்று அளந்துகொண்டிருக்கிறார். அளக்க அளக்கப் புள்ளிகள் முன்னால் வந்து நிற்கின்றன.

வாழ்க்கையில் விட்டுக்கொடுக்க வேண்டியவை உண்டு. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து, எதிரே வரும் லாரியின் எல்.இ.டி. வெளிச்சத்தில் பைக் ஓட்டி வீடு திரும்புவது இவர்களுக்கு உண்மையான ஆபத்து. பகல் ஷிப்ட் கேட்க வேண்டும். எதைக் காட்டிக் கேட்பது? 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் குறையைத் தூரக் கணக்கிலும் பார்வைப் பரப்பின் கோணத்திலும் மட்டும் அளக்கிறது. 3/60, 6/18, 10 பாகை, 40 பாகை. 6/6 படித்து, பார்வைப் பரப்பும் சரியாக உள்ளவருக்கு அதில் இடமில்லை. நோயின் பெயரையும் இரவில் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் எழுதி மருத்துவர் கொடுக்கும் ஒரு சீட்டுதான் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஆவணம். அதை எழுதிக் கொடுக்க மருத்துவருக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் இருக்கிறார். அவரிடம் எம்.ஆர்.ஐ. எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு கண்ணா இரண்டு கண்ணா, நொடியா நிமிடமா நாள் முழுதுமா, நிறம் வெளுக்கிறதா வலிக்கிறதா, என்ன மாத்திரை, என்ன குடித்தீர்கள் என்று கேட்டு, பரிந்துரைச் சீட்டில் தமிழிலேயே எழுதி, கண் பிரிவுக்கா நரம்பியல் பிரிவுக்கா என்று குறித்து அனுப்ப அவரால் முடியும். கோரிமேட்டு ஜிப்மரில் காலையில் நிற்கும் வரிசைகளில் எந்த வரிசைக்குப் போவது என்பதே வெளியூர்க்காரருக்குப் பாதி நாளைத் தின்றுவிடும் கேள்வி. பள்ளிக்கூடத்தில் பலகையைக் காட்டிச் சோதிக்கும்போது, பிள்ளை எல்லா எழுத்தையும் படித்துவிட்டாலும், “சுவரைப் பார்த்தா ஏதாவது அசையுதா?” என்று கூடுதலாக ஒன்று கேட்கலாம். ஆமாம் என்று சொல்லும் பிள்ளை பெரும்பாலும் ஆச்சரியப்படும்: மற்ற பிள்ளைகளுக்கு அசையாதா என்று.